நாளைக்குக் காலையில் ரெடி

எனக்கு மூக்கின் மேல் கோபம். என் கார் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இன்னொன்றும் தெரியும்: நான் "நாளைக்குக் காலைல ரெடி" என்றால் மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் சாயங்காலம் வந்தால் போதும். முதுகுக்குப் பின்னால் எனக்கு "நாளைக்கு" என்றே பெயர். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட என் மனைவிக்கு மட்டும்தான் தைரியம்.

லேப் சார் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இருபத்தாறு வருடமாகக் குடுவை கழுவுகிறார், சீசாக்களுக்கு லேபிள் எழுதி ஒட்டுகிறார். பேச்சும் லேபிள் அளவுதான். "பிரேக் இழுக்குது" என்பார். சரி செய்தால் "சரி" என்பார். சிரித்தும் பார்த்ததில்லை, சிடுசிடுத்தும் பார்த்ததில்லை. கல்லுப் பிள்ளையாருக்குக்கூட இதைவிட முகபாவம் உண்டு என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய கார் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் டைமிங் பெல்ட்டை எண்பதாயிரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இவர் போன தடவை மாற்றியதிலிருந்து தொண்ணூற்றெட்டாயிரம் ஓட்டியிருந்தார். பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான். ஆனால் எஞ்சினுக்குள் ஏறி இறங்குகிற எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓட்டுவது அதுதான். மற்ற பாகங்கள் கெடும் முன்னால் முனகும், புகையும், எதையாவது காட்டிக்கொடுக்கும். இது மூச்சே விடாது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும், எஞ்சினும் காலி.

"மாத்திடலாம் சார்" என்பேன். "அடுத்த வாரம்" என்பார். மூன்று மாதம் இதே கதை. கடைசியில் ஒருநாள் ஆயில் மாற்ற வந்தவரிடம் பொரிந்து தள்ளிவிட்டேன்.

"சார், தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், உங்க காதுல ஏறவே இல்லையா? ஒருநாள் நடுரோட்டுல நிக்கப் போறீங்க. அப்ப எனக்கு போன் பண்ணாதீங்க, சொல்லிட்டேன்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலைல ஆறு மணிக்கு அங்க இருக்கணும். நாப்பது கிலோமீட்டர்" என்றார். பிரேக் இழுக்குது என்று சொல்லும் அதே குரல். "போன வருஷம் கிளட்ச் மாத்த ஒரு செவ்வாய்க்கிழமை விட்டேன். நாளைக்குக் காலைல ரெடின்னு சொன்னீங்க."

எனக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமைதான் கொடுத்தேன்.

"வாடகைக் கார் பிடிச்சேன். அது லேட்டாத்தான் வந்துச்சு. நாலு மணி நேரம் பண்ண வேண்டியத ரெண்டு மணி நேரம்தான் பண்ணாங்க. மறுநாள் அவளுக்கு மூச்சு விட முடியல. ஐசியூல அஞ்சு நாள்" என்றார். பிறகு, "பெல்ட் அறுந்தாலும் அவதான் நடுரோட்டுல படுத்துக் கிடப்பா. தெரியும். வண்டிய இங்க விட்டாலும் அதே பயம். எதுன்னு முடிவு பண்ண முடியல" என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மனுஷன் திட்டவே இல்லை. ஆயிலைக்கூட ஊற்றாமல் வெறும் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்த நாலு மணி நேரம் வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டாள். அடச்சே! இருபது வருடம் வண்டிக்கடியில் கிடந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் ஜாக்கி, ஸ்பானர் பெட்டி, புது பெல்ட்டோடு காத்திருந்தேன். அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே விட்டுவிட்டு லேப் சார் சாவியை நீட்டினார். ஆனால் அதைக் கையிலிருந்து விட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முன்சக்கரத்தைக் கழற்றியதுமே காவலாளி ஓடி வந்தார். "யோவ், இது ஆஸ்பத்திரியா, ஒர்க்‌ஷாப்பா?"

"உள்ள மனுஷிக்குப் பண்றாங்க, வெளிய நான் வண்டிக்குப் பண்றேன். ரெண்டுக்கும் நாலு மணி நேரம்தான். தள்ளி நில்லுய்யா, வெளிச்சம் மறைக்குது!"

லேப் சார் தரையில் செய்தித்தாள் விரித்தார். நான் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வாங்கி வரிசையாக வைத்து, பக்கத்தில் எந்த இடத்தது என்று எழுதினார். என் வாழ்க்கையில் ஒரு போல்ட் மிச்சமில்லாமல் பூட்டிய வேலை அது ஒன்றுதான். பழைய பெல்ட்டை வளைத்துக் காட்டினேன். பல்லுக்குப் பல் வெடிப்பு, இரண்டு பல் பாதி பிய்ந்து தொங்கியது.

"இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும்?" என்றார்.

"சொல்ல முடியாது சார். இன்னைக்கு வந்து சேர்ந்ததே பெருசு."

"ம்" என்றார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் வண்டி ஸ்டார்ட் ஆனது. என் வாழ்க்கையில் சொன்ன நேரத்துக்கு முடித்த வேலையும் அது ஒன்றுதான். பானெட்டுக்குள் ஒட்டுகிற சீட்டை அவரே வாங்கி, பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அச்சடித்ததுபோல் எழுதினார். அதற்குள் நர்ஸ் அந்த அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து இருந்தது. குரலில் மட்டும் குறும்பு குறையவில்லை.

"அடுத்து எப்ப தம்பி மாத்தணும்?"

"எண்பதாயிரம் கிலோமீட்டர்ம்மா. இல்லன்னா அஞ்சு வருஷம். எது முதல்ல வருதோ அது. ஓடாம நின்னாலும் ரப்பர் காஞ்சிடும்."

"அஞ்சு வருஷமா?" அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. "இவர் எழுதி மட்டும் வைப்பாரு. பக்கத்துல நின்னு நான் சொன்னாத்தான் செய்வாரு. அப்ப நீங்க சொல்லிடுங்க தம்பி. மறந்துடாதீங்க."

"சரிம்மா" என்றேன். லேப் சார் பானெட்டை மூடினார். அது சரியாக விழவில்லை. திரும்பத் தூக்கி மூடினார்.

பட்டறைக்கு வந்ததும், ஐந்து வருடம் கழித்து வரும் அந்தத் தேதியை சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதினேன். நடுவில் இரண்டு முறை சுவருக்கு வெள்ளையடித்தேன். அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன்.

அந்த அம்மா அடுத்த வருடம் மழைக்காலத்தில் போய்விட்டார். வழியில் அல்ல, ஆஸ்பத்திரியிலும் அல்ல, வீட்டில், தூக்கத்தில். நான் போயிருந்தேன். லேப் சார் நாற்காலி எடுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றார். அதற்கப்புறம் அவர் பட்டறைப் பக்கம் வரவே இல்லை.

ஐந்து வருடம் முடிந்த அன்று போன் செய்தேன். "சார், பெல்ட் மாத்தணும்."

மறுநாளே வந்தார். கிலோமீட்டர் பார்த்தேன். அந்த அம்மா போன பிறகு வண்டி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது.

"என்னைக்கு விடறீங்க சார்? திங்களா, செவ்வாயா?" பழக்க தோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எந்தக் கிழமைன்னாலும் சரி" என்றார். பிரேக் இழுக்குது என்று சொல்லும் அதே குரல்.

"நாளைக்குக் காலைல ரெடி ஆயிடும் சார். இந்தத் தடவை நிஜமாவே."

அவர் சாவியை மேசையில் வைத்தார். "அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்.

நான் அன்றே முடித்துவிட்டேன். அவர் ஒன்பது நாள் கழித்துத்தான் எடுத்துப்போக வந்தார்.