நாய்ப் படம் போட்ட நோட்டு

பச்சை அட்டை போட்ட ஒரு பாக்கெட் நோட்டு என் பீரோவில் கிடக்கிறது. அதில் எழுத்து குறைவு, படம்தான் அதிகம். குழாயடி, பூட்டுப் பட்டறை, வேப்பமரம், பக்கத்துக்குப் பக்கம் நாய். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு கூரியர் ஆபீசில், நடந்தே போய்த் தபால் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பையைத் தோளில் மாட்டும்போதே பயம் வந்துவிடும். சந்து மாறிப் போய்விட்டால்? கையெழுத்து வாங்க மறந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு திருப்பத்தையும் வரைந்து வைத்தேன். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே வந்து கவ்வும் என்பதை வைத்துத்தான் தபால்களையே அடுக்குவேன். மேனேஜர் பார்த்துச் சிரிப்பார். “ஏலே அப்பு, இது கூரியர் ஆபீசா, மிருகக்காட்சி சாலையா?” கேலி செய்தாலும், என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒருநாள் புது செல்போன் ஒன்றை என் கையில் வைத்தார். சாட்டிலைட்டைப் பிடித்து வழி காட்டுமாம். “ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, பேரைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கு. அம்புட்டுதான், வழி அதுல பதிஞ்சிரும். உன் பயத்துக்குத்தாம்ப்பா வாங்குனதே.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வாசல் வாசலாக நின்று அமுக்கினேன். சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி நோட்டையும் வாங்கி, தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தேன். இன்னும் நாற்பது மீட்டர், இருபது மீட்டர் என்று எண் குறைந்துகொண்டே வரும். தலையை நிமிர்த்த வேண்டிய வேலையே இல்லை. பயம் விட்டுப்போனது. அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஓர் ஆளிடம் அந்த போனைக் கொடுத்துவிட்டு, டீச்சரம்மா வீட்டுப் பார்சல் ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார் மேனேஜர். பத்து வருடமாக நான் போய்வந்த வீடு. மொட்டை வெயிலில் ஒரே சந்தை மூன்று முறை சுற்றினேன். எல்லாக் கதவும் ஒரே கதவாகத் தெரிந்தது. பார்சலில் இருந்த பேரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பின்னாலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. “ஏப்பா, என் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு யார் வீட்டத் தேடுற?”

டீச்சரம்மா ஆபீசுக்கு போன் போட்டுச் சிரித்துச் சொன்னது விளையாட்டுக்குத்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. “போன் இல்லாட்டி வீடே தெரியலையாம்ல? இனி உன்னை நம்பி எப்படிப்பா அனுப்ப?” என்றார். நான் நடந்து நடந்து சேர்த்த வழியெல்லாம் இப்போது வேறொருவன் சட்டைப்பையில் இருந்தது. “இந்தா, உன் நாய்ப் புத்தகம்” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். தெரிந்தேதான் அன்றைக்கு அந்தப் பார்சலை என்னிடம் கொடுத்தாரோ என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது.

நேற்றும் நோட்டைப் பிரித்தேன். ஒரு பக்கத்தில் மூன்று கால் நாய் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிறது. அதன் கீழே ‘இடது பக்கம், மெல்லப் போ’ என்று என் கையெழுத்து. எந்தத் தெரு என்றுதான் தெரியவில்லை.