இசக்கியின் வேட்டியில் என் கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பக்கம் வந்தீர்களானால், மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து, பழைய பிரஷால் சக்கரத்துக்குப் பல் தேய்த்துவிடும் ஓர் ஆளைப் பார்க்கலாம். அது நான்தான். செயினிலிருந்து தெறித்துப் பின் சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கிரீஸை எடுக்கிறேன். கிண்ணத்தில் கொஞ்சம் டீசல், ஒரு கை பனியன் வேஸ்ட், அவ்வளவுதான் சாமான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்தால் சீக்கிரம் முடியும். விரலும் சேர்ந்து முடிந்துவிடும். "அந்தச் சக்கரத்துல காட்ற அக்கறையில பாதிய இந்த ஃபேன் மேல காட்டலாம்ல" என்று வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து சொல்வாள். நியாயம்தான். ஆனால் ஃபேன் யாருடைய கல்யாணத்தையும் கெடுக்கவில்லையே.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு மண்ணெண்ணெய்தான். இப்போது அது கண்ணிலேயே படுவதில்லை. டீசல் அழுக்கை எடுக்கும், ஆனால் அந்த வாசனை வராது. மண்ணெண்ணெய் வாசனை என்றாலே எனக்கு ஒரகடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் மெயின்டனன்ஸ் ரூம்தான். அதுவரை நெல்லும் மாடும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் கம்பெனிக்குப் போன முதல் ஆள் நான். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முருகன் கார்டைப் பார்த்தாரோ இல்லையோ, பூக்காரம்மா பார்த்தார்.

அந்தக் கார்டு மாட்டிய பெரிய மனிதனுக்குக் கம்பெனி கொடுத்த வேலை, கன்வேயருக்கு அடியில் மல்லாந்து படுத்து கிரீஸ் அடிப்பது. கையில் கிரீஸ் கன். பேரிங் பேரிங்காக நகர்ந்து போக வேண்டும். சூப்பர்வைசர் சொல்லித் தந்தது ஒரே ஒரு விதி. "பழைய கிரீஸ் பிதுங்கிக்கினு வெளிய வரணும். வரலன்னா நீ அடிக்கலன்னு அர்த்தம்." எனக்கு அது வேதவாக்கு. ஆறு மாதத்தில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். அதன் செயினுக்கும் அதே விதியைப் போட்டேன். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் போதும், பேரிங் வேறு செயின் வேறு என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்பி அப்பி வைத்தேன். செயின் கவர் கடகடவென்று ஆடிற்று. மெயின்டனன்ஸ் ஆளுடைய வண்டி சத்தம் போடலாமா என்று அதையும் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

இசக்கிமுத்து எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தான். தென்காசிப் பக்கம். எங்கள் கம்பெனி லைனிலேயே கான்ட்ராக்டில் வேலை. முப்பத்தொன்று முடிந்தும் பெண் அமையவில்லை. ஊரில் பார்க்கிற இடமெல்லாம் "பெர்மனென்ட்டா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்பான். என் அம்மாவுக்கு அவன் மேல் தனிப் பிரியம். எனக்கு வராத முட்டை அவன் தட்டுக்குப் போகும். அம்மாதான் தெரிந்தவர் மூலம் தண்டலத்தில் புவனா என்ற பெண்ணைப் பார்த்தாள். கம்பெனி பஸ் ஓட்டுகிறவரின் மகள். அவளும் செல்போன் கம்பெனியில் லைனில் இருந்தாள். பையனுக்கு இங்கேயே வேலை இருந்தால் போதும் என்று அந்த அப்பா சொல்லிவிட்டாராம். இசக்கி அன்றைக்கே போய் வேட்டி எடுத்து வந்தான்.

பெண் பார்க்கக் கிளம்புகிற காலையில் என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? நண்பனின் நல்ல காரியம் என்று வழக்கத்தைவிட இரண்டு விரல் கூடுதலாகச் செயினுக்கு கிரீஸ் வைத்தேன். இசக்கியோ வேட்டி கசங்கக் கூடாது என்று இரண்டு காலையும் இடது பக்கமே தொங்கப்போட்டு, பெண்கள் உட்காருவதுபோல உட்கார்ந்தான். வண்டியில் செயினும் அதே பக்கம்தான் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா பஸ்ஸில் முன்னாலேயே போயிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஹைவேயில் ஏறியதும் எண்பதில் விரட்டினேன். லேட்டாகப் போனால் மரியாதை இல்லை பாருங்கள்.

அந்த வீட்டு வாசலில் அவன் இறங்கியபோது பார்த்தேன். கரண்டைக் காலிலிருந்து இடுப்பு வரை கறுப்புப் புள்ளிகள். நாங்கள் அதிர்ச்சியில் நிற்கும்போதே பெண்ணின் அப்பா வெளியே வந்துவிட்டார். வேட்டியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செயினுக்கு கிரீஸு யாருப்பா வெச்சது?"

"நான்தாங்க. மெயின்டனன்ஸ்ல கீறேன்" என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உள்ளே அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. காபி கொண்டுவந்த புவனா தட்டை வைத்துவிட்டு, "பின்னாடி குழாய் கீது, சோப்பு குடுக்குறேன் வாங்க. காஞ்சா போவாது" என்று இசக்கியை அழைத்துப் போனாள். பெரியவர்கள் சிரித்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் இருவரும் வரவில்லை. பொருத்தம் என் கிரீஸால்தான் அமைந்தது என்று நான் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன். தட்டில் கேசரி இன்னும் இருக்கிறதா என்று கூசாமல் கேட்டேன்.

திரும்பும் வழியில் ஈர வேட்டி காற்றில் பட் பட் என்று அடித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இசக்கி வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"எனக்கு இந்த இடம் வேண்டாம்டே. வேட்டியெல்லாம் கறுப்பு பட்டுட்டு, சகுனம் சரியில்லன்னு அம்மாட்ட சொல்லிரு."

சொன்னேன். "நல்ல பொண்ணுடா. இசக்கி வாழ்க்கைய உன் கிரீஸு கெடுத்துச்சு" என்று அம்மா அழுதே விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை, அவனுக்குப் போட்டாள். லைனில் என் பெயர் கிரீஸ் மாப்பிள்ளை ஆனது. அடுத்த வருஷம் இசக்கிக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போய் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அப்புறம் அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பாயசம் ஊற்றினான். நான் மாலையும் கழுத்துமாக அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடச் சக்கரம் துடைக்காமல் விட்டதில்லை. வண்டியை மாற்றினேன், வழக்கத்தை மாற்றவில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள்.

போன ஞாயிறு துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். "இன்னாடா பண்றே" என்று நான் கேட்க, "நீ என்னடே செய்யுத?" என்று அவன் கேட்டான். வாய் தவறி, சக்கரம் துடைப்பதையும் அது ஏன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"ஏலே, இத்தன வருசமாவா தொடைக்க?" என்றான். "அது கிரீஸால இல்லலே. சோப்பு எடுத்துக் குடுக்கும்போதே அந்தப் பிள்ள அழுதுட்டு. அவ லைன்ல ஒரு பையன் இருந்தான். இவளே வேண்டாம்னு சொன்னா அவ அப்பா வேலைய நிப்பாட்டி வீட்டுல உக்கார வச்சிருவாராம். நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்கண்ணேன்னு கெஞ்சுச்சு. நான் எதச் சொல்ல? வேட்டியில உன் கிரீஸு இருந்துச்சு."

"பாவி. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா."

"உன் வாயி எனக்குத் தெரியாதா? சாயந்தரத்துக்குள்ள கம்பெனி பூரா தெரிஞ்சிருக்கும்."

தெரிந்திருக்கும்தான். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷமாக நான் சுமந்தது ஒன்றுமே இல்லை என்று சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே, "அப்போ உனக்கு அந்தப் பொண்ண புடிக்கல, அதான் ஈசியா விட்டுட்ட" என்றேன்.

"பிடிச்சிருந்துச்சுலே" என்றான்.

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அவன்தான் பேச்சை மாற்றினான். ஊரில் மழை, ஆட்டோவுக்கு எஃப்சி, என் மகனின் படிப்பு. வைக்கப் போகும்போது, "அந்த வீடு அப்படியேதான் இருக்காடே?" என்று கேட்டான்.

ஹைவேயை அகலப்படுத்தியபோது அந்த வீட்டு வரிசையே போய்விட்டது. வீடு, பின்பக்கக் குழாய், துவைக்கிற கல் எதுவும் இல்லை. புவனா குடும்பம் எங்கே போனதென்று அம்மாவுக்கே தெரியாமல்தான் இருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற அந்த இடத்தை, இப்போதைய கம்பெனிக்குப் போகும்போது வாரம் ஆறு நாள் நான் தாண்டுகிறேன்.

"அப்டியேதான் கீதுடா" என்றேன்.