என் எலும்பு தாம்பரம் போய் வந்த நாள்

என் உடம்பில் ஒரு துண்டு மட்டும் என்னை விட்டுவிட்டுத் தனியாகத் தாம்பரம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. முழங்காலுக்குக் கீழே இருக்கும் நீளத் தழும்பைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இரும்புலியூரில் வீடு. விளையாடும்போது அடிபட்ட வீக்கம் என்று எல்லோரும் தைலம் தடவிக்கொண்டிருந்தது, எலும்பில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ ஏற்றி ஏற்றித் தலை மொட்டையானது. கட்டி நரம்பைத் தொடாமல் இருந்தால் காலைக் காப்பாற்றலாம், தொட்டிருந்தால் எடுக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர்.

"என் பொண்ணு ரெண்டு காலோடதான் வீட்டுக்கு வருவா, டாக்டர்" என்றாள் அம்மா. அதற்குமேல் அவள் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

காப்பாற்றும் வழி இது: நோய் பிடித்த எலும்புத் துண்டை வெட்டி வெளியே எடுத்து, கட்டியைச் சுரண்டி, மிச்சமிருக்கும் நோயைக் கதிர்வீச்சில் கொன்று, அதே எலும்பைத் திரும்ப வைத்துத் தகடும் ஸ்க்ரூவும் போட்டு முடுக்குவது. ஆபரேஷன் மேடவாக்கத்தில். கதிர்வீச்சு மெஷினோ தாம்பரத்தில். நான் மேஜையில் மயங்கிக் கிடக்க, எலும்பு பெட்டிக்குள் ஆம்புலன்ஸ் ஏறிப் போய்வர வேண்டும். தாமதமானால் ஆபத்து.

ஊரப்பாக்கத்துச் சித்தப்பா ஹாரன் அடிப்பதற்கே கூச்சப்படுகிற மனுஷர். ஆம்புலன்சுக்கு முன்னால் பைக்கில் போய் வழி விலக்கிக் கொடுப்பது தன் பொறுப்பு என்று அவராகவே சொல்லிவிட்டார்.

தியேட்டர் வாசலில் நான் ஸ்ட்ரெச்சரில் புரண்டு அழுது ரகளை செய்தேன். சித்தப்பா குனிந்து, "ஸ்டேச்சூ!" என்றார். எங்கள் ஆட்டம் அது. சொன்னவரே "ரிலீஸ்" சொல்லும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது. அழுகையைப் பாதியில் நிறுத்திச் சிலையானேன். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்தபோது எல்லோரும் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டைவிரலை ஆட்டும்மா" என்றார் டாக்டர். நான் ஆட்டவில்லை. விரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்றார். தெரியாமல் என்ன, சுருக்கென்று வலித்தது. ஆனால் சித்தப்பா இன்னும் ரிலீஸ் சொல்லவில்லையே! மயக்கத்தில் அசைந்திருந்தால் கணக்கில் வராது, விழித்த பிறகு தோற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனையே பார்த்தேன். அம்மா கெஞ்சினாள். நானா மசிவேன்? டாக்டர் நர்ஸிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே மருந்து வாங்கப் போயிருந்த சித்தப்பா அப்போதுதான் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. தண்ணி லாரி முதல் ஷேர் ஆட்டோ வரை வழியெல்லாம் "ஓரம் கட்டுப்பா, கொழந்த காலுப்பா!" என்று கத்தியதில் தொண்டை போயே போய்விட்டது. அறையின் நிலவரம் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஆட்டத்தில் தோற்காமலிருக்க நான் முறைக்கும் அந்த முறைப்பு அவருக்குப் பழக்கம்தான்.

"ரிலீஸ்" என்று வாயசைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. இது செல்லுமா என்று யோசித்தேன். போனால் போகிறதென்று கட்டைவிரலை ஆட்டினேன். வேண்டுமென்றே பக்கத்து விரல்களையும் சேர்த்து.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நான்தானே ஜெயிச்சேன்? நீ ஏம்மா அழற?"

அந்தப் பாதம் இனி அசையாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்ததும், அதை எனக்கு எப்படிச் சொல்வது என்று அம்மா மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது.