நல்ல தண்ணீரில் குளித்த நாய்

பரமக்குடியில் கடை வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வாசலில் கருப்பு நாய் ஒன்று படுத்துக் கிடந்தது. "போ அங்கிட்டு" என்று செருப்பைக் கழற்றினேன். அது எழுந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டிய விதத்தில்தான் அது எங்கள் வெள்ளை நாய் என்று தெரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா இறந்த மறுவருஷம் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து அய்யாவின் பின்னாலேயே வந்த குட்டி அது. எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்து உப்புத் தண்ணீரில் வேட்டி சட்டை எதுவும் வெள்ளையாக நிலைப்பதில்லை. இது மட்டும் வீம்புக்கு வெள்ளையாகவே வளர்ந்தது. அய்யா ஆடு பத்திக்கொண்டு போனால் அதுவும் போகும். வீட்டில் பெற்ற மகள் என்னோடு நாலு வார்த்தை பேசாத மனிதர், காடு முழுக்க அதனோடு பேசிக்கொண்டே நடப்பார். எனக்குப் பொறாமைதான். அம்மா போனதற்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த நாயால்தான், என்னால் இல்லை.

கொஞ்ச நாளாக அதற்குச் சொறி. லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அய்யா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்துவிட்டார். டிராக்டரிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். வேஸ்ட் ஆயில் என்போம். எங்கள் ஊரில் சொறி என்றால் ஆட்டுக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான். வண்டிக்கு உதவாதது வாயில்லாச் சீவனுக்கு மருந்து! தலையிலிருந்து வால் வரைக்கும் பூசியிருந்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீக?"

"அரிப்புத் தாங்காம அழுதுச்சு தாயி. இனி சொறியெல்லாம் உதுந்துரும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாய் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆடு தன் உடம்பை இப்படி நக்காது, நாய் நக்கும். இந்த ஒரு வித்தியாசம் அய்யாவுக்குத் தோன்றவில்லை. மத்தியானத்திலிருந்து நக்கியிருக்கிறது, காலில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரிந்தது. "பாத்தியா, அதுவே சுத்தம் பண்ணிக்கிருது" என்று பெருமையாகக் காட்டினார். 

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் நக்க விடாதீர்கள் என்றார். மண்ணெண்ணெய் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. மாவைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டு, பாத்திரம் கழுவுகிற லிக்விட் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசச் சொன்னார். விடிந்ததும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டிலிருந்த கடலை மாவை எல்லாம் கொட்டினேன். பஜ்ஜிக்கு முக்கியெடுத்த மாதிரி நின்றது பாவம். மாவை வழித்தெடுத்துவிட்டு லிக்விடைப் போட்டுத் தேய்த்தேன். நுரையே வரவில்லை. எங்கள் போர் தண்ணீர் அத்தனை உப்பு. எண்ணெயும் சோப்பும் திரிந்து சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று முடியோடு ஒட்டிக்கொண்டன. தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியதே தவிர இறங்கவில்லை.

நல்ல தண்ணீர் எங்களுக்குக் குடிக்க மட்டும்தான். குழாயில் வருகிற நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று பிடித்துவர வேண்டும். செம்பில் ஒரு வாய் மீதி வைத்தாலும் அய்யா கத்துவார். அக்கா கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி நல்ல தண்ணீரில் கால் கழுவினார் என்று இன்றுவரை அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அப்படிப்பட்டவர் உள்ளே போய் நல்ல தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இதைக் காய வச்சு ஊத்து."

நுரை வந்தது, கருப்பாக. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நாய்க்கு நல்ல தண்ணியா? மாமாவுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?" பிறகு நாயின் முகத்தைப் பார்த்தாள். போய்த் தன் வீட்டுக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

அய்யா நாயின் தலையை நெஞ்சோடு அணைத்து, நக்காமல் வாயைப் பிடித்துக்கொண்டார். "நில்லுலே. வெள்ளையாயிட்டாப் பொழச்சுக்கிருவ. நில்லுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதுகு வெளுக்க வெளுக்க அவர் முகமும் தெளிந்தது. அதற்குள் நாய் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தது. அதில் ஆயில் மிதந்ததை அவர் பார்க்கும் முன் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

காலையில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மேலே இருந்ததை நன்றாக எடுத்துவிட்டீர்கள், உள்ளே போனதுதான் வேலையைக் காட்டுகிறது, பார்க்கலாம் என்றார். திரும்பி வந்தபோது அய்யா நாயின் பக்கத்தில் குந்தியிருந்தார். துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கொஞ்சக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே போய் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் தினம் ஒரு தடவை மெதுவாக அலசினோம். அது சாப்பிடவில்லை. அய்யா சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனால், அவர் மனம் நோகக் கூடாது என்பதுபோல ஒரு தடவை மோந்து பார்க்கும். ஒருநாள் விடியற்காலையில் அவர் காலடியிலேயே செத்துப்போயிருந்தது.

மிளகாய்த் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டினார். உள்ளே வைக்கும் முன் அதைத் தரையில் கிடத்தி, வயிற்றைப் பார்த்தார். காதுகளை மடக்கிப் பார்த்தார். விரல் இடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்தார். எங்கும் ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் அது அத்தனை வெள்ளையாக இருந்ததில்லை.

"கறை எல்லாம் போயிருச்சேத்தா" என்றார். "பெறகு ஏன் போச்சு அது?"

பதில் எனக்குத் தெரியும். நக்கியதால் என்று சொன்னால், பூசியது யார் என்று அவரே கேட்டுக்கொள்வார். அதற்கப்புறம் அவரை நான் எந்தத் தண்ணீரில் கழுவுவது?

"வயசாயிருச்சுய்யா அதுக்கு."

"உங்கம்மாவுக்குப் பெறகு வந்தது. அதுக்கு என்னத்தா வயசு?"

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் மண்ணைத் தள்ளாமல், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அதற்காகக் காத்திருந்தார்.