சந்தனப் பொட்டுக்குப் பின்னால் எரிந்த சிவப்பு விளக்கு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு விஜயதசமி காலையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கி, நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். நெல் மூட்டை, செங்கல், வாழைத்தார் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். வண்டியில் ஒரு நட்டைக்கூட மெக்கானிக் தொட விடமாட்டேன். 'எனக்குத் தெரியாத வண்டியா?' என்று ஊரெல்லாம் பேசித் திரிந்த காலம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முழுக்க லாரிக்கு அடியில்தான் கிடந்தேன். லாரிக்குக் காற்று பிரேக். எஞ்சின் ஓடும்போது அடியில் இருக்கும் ஒரு டாங்கில் காற்று சேரும். அந்தக் காற்றுதான் பிரேக் பிடிக்கும். டாங்கில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட, கீழே சின்னதாக ஒரு குழாய்த் திருகு உண்டு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, நூல் சுற்றி, மறுபடி முடுக்கினேன். எல்லாம் முடிந்து பார்த்தபோது வண்டி புதுப்பெண் மாதிரி இருந்தது.

எஞ்சினைப் போட்டால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். காற்று போதவில்லை என்று அர்த்தம். காற்று சேர்ந்ததும் அணைந்துவிடும். அதன்பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். அன்றைக்கு அது அணைய வெகுநேரம் ஆனது. அணைந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எரிந்தது. பல்பை மாற்றினேன். ஒயரைச் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். காற்றளவு காட்டும் முள்ளோ நான் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. நான் கைவைத்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒயர் எங்கேயோ உரசுகிறது, விளக்குதான் பொய் சொல்லுகிறது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மறுநாள் பூஜை. எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். என் மனைவி ஸ்டியரிங், கண்ணாடி, கதவு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். டேஷ்போர்டைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னங்க, இது செகப்பா எரியுதே?"

"அது சும்மா எரியுது. அங்கன நல்லா பெருசா ஒரு பொட்டு வை."

அவளும் வைத்தாள். விளக்கு மறைந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விஜயதசமியன்று முதல் சவாரி. சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து கார் நெல் அறுப்புக்குப் பதினான்கு பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சேரன்மகாதேவியைத் தாண்டி ஒரு வயலில் விட வேண்டும். வரும்போது நெல் மூட்டை. வழியில் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. சேரன்மகாதேவியைத் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். எல்லாரும் இறங்கினார்கள். தூக்குச்சட்டிகளும் அரிவாள்களும் வண்டியிலேயே இருந்தன.

இருபது நிமிடம் போயிருக்கும். கிளம்பலாம் என்று கூப்பிட்டேன். பின்சக்கரத்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்த ஓர் அக்கா எழுந்திருக்கவே இல்லை. என்னைவிட மூத்தவர்தான், வண்டிக்காரன் என்பதால் எனக்கு அண்ணாச்சி மரியாதை.

"அண்ணாச்சி, அடியில உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுது. இப்பம் அதுவும் நின்னுட்டு. காத்து போயிட்டு போல."

"இது லாரி யக்கா. அப்படித்தான் சத்தம் வரும்."

"சைக்கிள்ல காத்து போனாலே எறங்கித் தள்ளுதோம். இது இம்புட்டு பெரிய வண்டிலா?"

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. குனிந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. நான் குனியவில்லை. "வண்டி ஓட்டுதது நானா, நீங்களா?" என்று கத்தினேன்.

அந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஓட்டுதது நீங்கதான் அண்ணாச்சி. உக்காந்து வாரது நாங்கல்லா?" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏறாதீங்கட்டீ. பைய நடந்தே போவோம்" என்றார். ஒருத்திகூட ஏறவில்லை.

கோபத்தில் எஞ்சினைப் போட்டு, காற்று சேரக்கூடக் காத்திராமல் அப்படியே கிளப்பிவிட்டேன். "எங்க சட்டி, எங்க சட்டி" என்று பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரிப் போனேன்.

கொஞ்ச தூரத்தில் கால்வாய்ப் பாலம். ஏறி இறங்கினால் இரண்டு பக்கமும் வயல். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதி உயிரே இல்லாமல் கீழே போனது. திரும்ப மிதித்தேன். ஒன்றும் இல்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், அது பெயருக்குத்தான். கீழே ஒரு மாட்டுவண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. கடவுளே என்று இடது பக்கம் ஒடித்தேன். லாரி வயலுக்குள் பாய்ந்து, சேற்றில் புதைந்து, மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது.

புருவம் கிழிந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தேன். சாய்ந்து கிடந்ததால் காற்று டாங்க் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்தத் திருகில் காற்று கசியாமல் அடைக்க வேண்டிய செம்பு வாஷர் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுவுவதற்காக டீசல் ஊற்றிப் போட்டுவைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள், என் வீட்டு வாசலில்.

அப்புறம்தான் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தூக்குச்சட்டிகள் நாலாபக்கமும் சிதறி, சோறெல்லாம் சேற்றில் கொட்டிக் கிடந்தது. அரிவாள்களில் பாதி சேற்றில் குத்திட்டு நின்றன. ஒன்று பக்கப் பலகையில், உட்கார்ந்தால் கழுத்து வருகிற உயரத்தில், ஆழமாக இறங்கியிருந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்கள் ஓடி வந்தார்கள். 'சொன்னோம்ல' என்று ஒருவராவது ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டே காத்திருந்தேன். அந்த அக்கா தன் தலைத்துண்டைக் கிழித்து என் புருவத்தில் கட்டினார். "கை காலு நல்லா இருக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் அரிவாள்களைப் பிடுங்கி எடுத்தார்கள். சட்டிகளைப் பொறுக்கிக் கால்வாயில் கழுவினார்கள். நேரமாகிவிட்டது என்று காலிச் சட்டிகளோடு வரப்பில் வரிசையாக நடந்து வேலைக்குப் போய்விட்டார்கள். லாரியை எப்படி வெளியே இழுப்பது என்ற யோசனையிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மதியம் அவர்கள் பதினான்கு பேரும் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பிரேக் பிடிக்காத அந்த இறக்கம்கூட இப்போது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான், சோற்றில் கை வைக்கும்போது சில நாள் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.