மணியாச்சியில் குதித்தவள்

என் கணவர் பாளையங்கோட்டையில் பையன்களுக்குப் பௌதிக சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, நான் ஒரு மடச்சி என்பது. அதை மட்டும் சலிக்காமல் சொன்னார்.

காரணம் மணியாச்சி. கல்யாணமான புதிதில் தூத்துக்குடிக்கு, என் அம்மா வீட்டுக்கு, ரயிலில் போனோம். மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு அவர் கூஜாவோடு தண்ணீர் பிடிக்கப் போனார். நான் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இன்னொரு வண்டி நின்றது. திடீரென்று அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகத் தொடங்கின. எங்கள் வண்டிதான் கிளம்பிவிட்டது, அவர் இன்னும் ஏறவில்லை என்று பதறிப்போனேன். துணிமூட்டையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடி, ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பதாக நினைத்து முன்னால் சாய்ந்து ஒரே தாவாகத் தாவினேன்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. குப்புற விழுந்தேன். முழங்கை சிராய்ந்து சேலையெல்லாம் புழுதி. பிளாட்பாரமே சிரித்தது. வடை விற்கிறவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான். கூஜாவோடு திரும்பி வந்த என் கணவர், நான் யாரோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். விழுந்ததை மறந்தாலும் மறப்பேன், அவர் தள்ளி நின்றதை மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தனிப் பயணம் கிடையாது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று வாயெடுத்தால் போதும். "நிக்குத வண்டிக்கும் ஓடுத வண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளத் தனியா அனுப்பிட்டு நான் எங்கன போய்த் தேட?" என்பார். அவருக்கு லீவு கிடைத்தால்தான் எனக்கு அம்மா.

ஒரு திங்கட்கிழமை, தூத்துக்குடியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், அம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறாள், என் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார். "பரீட்சை முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். தனியாகப் போகிறேன் என்று கெஞ்சினேன், அழுதேன். "மணியாச்சிய மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் பையன்களுக்குப் பாடம் நடந்தது. நான் அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாக் கேளுங்கலே. வண்டி வேகத்தக் கூட்டாம கொறைக்காம, குலுங்காம, நேரா ஒரே சீராப் போவுதுன்னு வச்சுக்கிடுவோம். ஜன்னல அடைச்சிட்டா உள்ள இருக்கவனுக்குப் போவுதா நிக்குதான்னே தெரியாது. எலுமிச்சம்பழத்த மேல போட்டா, வீட்டுல விழுத மாதிரியே நேரே கையில வந்து விழும். பக்கத்து வண்டி நகந்தா, நகருதது அதுவா நாமளான்னு கண்ணால சொல்ல முடியாது."

பிறகு, 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்' என்று தொடங்கி என் கதையைச் சொன்னார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அந்த அம்மாவுக்குப் புத்தி மட்டோ, சார்?" என்றான் ஒருவன்.

"புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்லலே. எம்புட்டுப் படிச்சவனும் ஏமாறுவான். நானா இருந்தாலும் குதிச்சிருப்பேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தெரியாமல் ஏசியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இந்த மனுஷர் எல்லாம் தெரிந்துகொண்டே என்னை மடச்சியாக்கி வீட்டில் உட்கார வைத்திருக்கிறார். உரித்த உள்ளியை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

"அந்தப் பொம்பள நான்தான்" என்று பையன்களிடம் சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "நீங்களும் குதிச்சிருப்பீங்கன்னா, இத்தன வருசமா நான் எப்பிடி மடச்சி ஆனேன்?"

அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "இந்தப் பக்கம் திரும்பிப் பிளாட்பாரத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா?" என்றார்.

"அம்புட்டுதானா? வெளிய தரையப் பாத்தாப் போதுமா? இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கத்துக்கிட மாட்டேனா? எனக்கும் கண்ணு இருக்கு. நான் எங்க அம்மையப் பாக்கப் போறேன்."

"ஏட்டி, பரீட்சை..."

"பரீட்சை உங்களுக்கு."

பையன்கள் முன்னால் அவரால் கத்த முடியவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு, மாட்டுவண்டி பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். மணியாச்சியில் இறங்கினேன், கேட்டேன், தூத்துக்குடி வண்டியில் ஏறினேன். இவ்வளவு சின்ன வேலையைச் செய்யவிடாமலா என்னை வைத்திருந்தார் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

அம்மாவுக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்தது என்னைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வியாழக்கிழமை வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா" என்றாள் தலைமாட்டில் இருந்த சித்தி. "வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா, நீயான்னு கேப்பா."

வியாழக்கிழமை நான் பாளையங்கோட்டையில் அவருடைய வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன்.