மூன்று விசில் வரை காத்திருந்தாள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் கிடையாது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மகள் மித்ராவுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தந்த டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்ன வார்த்தை, எந்தத் தேதி, யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று மூன்று கட்டம். ஆறு மாதமாக அது வெற்று நோட்டாகவே கிடந்தது, பேச்சு வந்த பிறகு கூட்டி வாருங்கள் என்று மெட்டுகுடாவில் இரண்டு பள்ளிக்கூடங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் கணவருக்கு லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை. யாரோ சொன்னார்கள் என்று, குழந்தைகளுக்கு வார்த்தை சொல்லித்தரும் தமிழ் டிவி நிகழ்ச்சி ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி வந்தார். மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி படம் காட்டி, பெயர் சொல்லி, "எங்கே, நீங்க சொல்லுங்க" என்று சற்று நிறுத்துவாள், பிறகு அடுத்த படம். மித்ரா கண் கொட்டாமல் பார்ப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை, காலை பதினோரு மணி, நல்ல வெயில். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னவோ அன்றைக்கு உடைந்துபோய்விட்டேன். டிவியைப் பார்த்தே அழுதேன். "என்னால முடியல. நீயே அவளுக்கு அம்மாவா இருந்துட்டுப் போ, எப்படியாவது ஒரு வார்த்தை பேச வச்சிரு" என்றேன். பெற்றவள் சொல்கிற பேச்சா அது.

திரையில் அம்மா படம் வந்தது. "அம்மா. எங்கே, நீங்க சொல்லுங்க" என்று நிறுத்தினாள். நிறுத்தியவள் அடுத்த படத்துக்குப் போகவேயில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. டிவி நின்றுவிட்டது என்று நினைத்துப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், அவள் கண் சிமிட்டுகிறாள், முந்தானை லேசாக ஆடுகிறது. ரிமோட்டை அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது விசில். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை, எங்கே என் பிள்ளை பேசாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் அவளோடு சேர்ந்து காத்திருந்தேன்.

மூன்றாவது விசில் அடங்கியதும் மித்ரா சொன்னாள். "அம்மா."

திரையில் இருந்தவள் சிரித்தாள். "ஆமா, அம்மாதான்" என்றாள். பிறகு அடுத்த படம் வந்தது. நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கதறினேன், அவள் என் தோளுக்கு மேலே எட்டி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பென் டிரைவ் ஹேங் ஆயிருக்கும் சுதா. புள்ள பேசிட்டாள்ல, டென்ஷன் நக்கோ, விடு" என்றார் என் கணவர். சாயங்காலம் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அதே இடத்தை நான்கு தடவை பார்த்தேன். சரியாக மூன்று விநாடி நிறுத்துகிறாள், உடனே அப்பா படம். சிரிப்பும் இல்லை, "ஆமா"வும் இல்லை.

இப்போது மித்ராவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகிறாள், தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னை மட்டும் சுதா என்று கூப்பிடுகிறாள். அப்பா கூப்பிடுவதைக் கேட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும் என்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்த டிவியை எப்போதோ கொடுத்துவிட்டோம், சுவரில் நான்கு ஸ்குரூ ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

போன வாரம் ஹாலில் ஓடும்போது விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டாள். இரண்டு கையையும் நீட்டியபடி நான் எதிரிலேயே நிற்கிறேன். "அம்மா" என்று அழுதுகொண்டே என்னைத் தாண்டி ஓடி, அந்த வெற்றுச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னிடம் வந்தாள். "சுதா, ரத்தம் வருது" என்றாள்.

நோட்டில் முதல் வார்த்தை அம்மா, தேதியும் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக விட்டவள் இல்லை நான். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்ற அந்த மூன்றாவது கட்டத்தை மட்டும் இன்றுவரை என்னால் நிரப்ப முடியவில்லை.